பெட்ரோலை மறந்த கார்

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இரண்டு முறை முனகியது. மூன்றாம் முறை அந்த முனகலும் இல்லை. ஜனவரி மாதம், காலை ஐந்தரை மணி, எதிர்வீட்டு கேட் தெரியாத பனிமூட்டம். ஆறரை மணி வாக்கில் புது டெல்லி ஸ்டேஷனுக்கு வரவேண்டிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எழுபத்தெட்டு வயது அம்மா. டெல்லிக் குளிரைச் சமாளிக்க அவரிடம் இருந்தவை ஒரு மஃப்ளரும், பிளாட்பாரத்தில் நான் நிற்பேன் என்ற நம்பிக்கையும்.

பக்கத்து வீட்டுக்காரர் கார்வால் மலைக்காரர். போர்த்திய கம்பளியோடு இறங்கி வந்து, தள்ளிப் பார்க்கலாம் என்றார். தள்ளினோம். பிறகு கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து இன்ஜின்மேல் எதிலோ ஊற்றினார். காருக்கு அந்த உபசாரமும் போதவில்லை. கடைசியில் மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற ஆட்டோ அது. என் காரில் இருக்கும் அதே சி.என்.ஜி.தான் அதிலும். முதல் முயற்சியிலேயே கிளம்பிவிட்டது.

அப்படியானால் கோளாறு குளிரிலும் இல்லை, எரிவாயுவிலும் இல்லை. டெல்லியில் ஜனவரி அதிகாலைக்கு 7, 8 டிகிரி சகஜம். 2006 ஜனவரி 8 அன்று சஃப்தர்ஜங்கில் 0.2 டிகிரி, 1935 ஜனவரி 16 அன்று பூஜ்யத்துக்கும் கீழே 0.6. லடாக்கில் வண்டி ஓட்டுபவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அதோடு, பெட்ரோல் ஆவியானால்தான் நன்றாக எரியும், குளிரில் அது சரியாக ஆவியாகாது. எரிவாயுவுக்கு அந்தத் தொல்லை கிடையாது, அது ஏற்கெனவே ஆவிதான். முறைப்படி பார்த்தால் குளிர்காலம் அதற்குச் சாதகமாக இருக்க வேண்டும்.

ஆனால் என்னுடையது பெட்ரோலுக்காகப் பிறந்து, பின்னால் எரிவாயுவுக்கு மாற்றப்பட்ட கார். டெல்லிக்கு இந்த எரிவாயு நீதிமன்றம் வழியாக வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1990-க்கு முந்தைய ஆட்டோக்களும் டாக்சிகளும் தூய எரிபொருளில் ஓடும் புது வண்டிகளுக்கு வழிவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவு என்னைப் போன்ற சொந்தக் கார்க்காரர்களை மாறச் சொல்லவில்லை. எங்களை மாற்றியது பெட்ரோல் விலை.

'அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு' என்று எத்தனையோ செய்திகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். அதில் 'அழுத்தப்பட்ட' என்ற சொல்லின் பொருள் இப்போதுதான் விளங்கியது. சைக்கிள் ட்யூபின் வால்வைத் திறந்துவிட்டால் வெளிவரும் காற்று விரலில் சில்லென்று படும். கார் சிலிண்டரில் எரிவாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அதை இன்ஜின் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது ரெட்யூசர் என்ற சின்னப் பெட்டி. அவ்வளவு அழுத்தம் சட்டென்று இறங்கும்போது பெட்டி கடுமையாகக் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு விறைக்கும். ஈரம் இருந்தால் உறையவும் கூடும். இதற்காகத்தான் ரேடியேட்டர் வெந்நீரில் ஒரு கிளையை இந்தப் பெட்டி வழியாக ஓடவிடுகிறார்கள். இன்ஜின் ஓடினால்தான் வெந்நீர். வெந்நீர் இருந்தால்தான் ரெட்யூசருக்குச் சுகம். விடியற்காலையில் இரண்டும் இல்லை.

வழி என்ன? முதலில் பெட்ரோலில் கிளப்பி, தண்ணீர் சூடானதும் எரிவாயுவுக்கு மாறுவது. இப்போதைய கிட்கள் வெப்பத்தை உணர்ந்து தாங்களாகவே மாறிக்கொள்ளும். என்னுடையதும் அப்படித்தான். நான்தான் அதை விடவில்லை. சுவிட்சை அழுத்திப் பிடித்தால் நேரடியாக எரிவாயுவிலேயே கிளம்பும் என்ற அவசர வழியை யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். பெட்ரோல் முள் சிவப்பில் கிடக்க, மாதக்கணக்கில் தினமும் அவசரமாகவே கிளம்பிக்கொண்டிருந்தேன். கோடையிலும் மழையிலும் ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்ட கேள்வி: "கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள்?" யோசித்தேன். தீபாவளிக்கு முன்பு, இரண்டு லிட்டர். அவருக்கு அது போதுமாக இருந்தது. பெட்ரோல் பம்ப் டாங்கிக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. டாங்கி வறண்டால் பம்ப் சூடேறிக் கருகும். என்னுடையது கருகியிருந்தது. இனி பத்து லிட்டராவது கிடக்கட்டும், வாரத்தில் ஒரு நாள் நாலைந்து கிலோமீட்டர் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள் என்றார். கிட் பொருத்திய கடையில் இதையெல்லாம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டிருந்தேன்.

மற்றவை சில்லறைக் குற்றங்கள். எரிவாயுவைப் பற்றவைக்க வலுவான பொறி வேண்டும், என் பிளக்குகள் தேய்ந்துபோனவை. பேட்டரிக்கு நாலு வயது, குளிரில் அதன் தெம்பு இன்னும் குறையும். ஆயில் 20டபிள்யூ-50. இந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குறைவாக இருந்தால் குளிரில் ஆயில் அவ்வளவாகக் கெட்டியாகாது. 20 என்பது டெல்லி ஜனவரிக்குக் கொஞ்சம் தடித்த சரக்கு. காரைத் தள்ளியதற்கும் திட்டு கிடைத்தது: எரியாத எரிபொருள் சைலன்சருக்கு முன்னால் உள்ள கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்குமாம். வெந்நீரை மட்டும் மன்னித்தார். சரியான பெட்டியில் ஊற்றியிருந்தால் ஒருவேளை கிளம்பியிருக்கும் என்றார்.

அன்று ஆட்டோவில் விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தால், மூட்டத்தால் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். பதினொன்றரைக்கு இறங்கிய அம்மா, "இந்தக் குளிர்ல விடியற்காலையிலேயே வந்து நிக்கறியா?" என்று கடிந்துகொண்டார். கார் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

பிப்ரவரியில் அவரை ரயிலேற்றப் போனபோது கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. இரண்டு தெரு தாண்டியதும் டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"என்னடா அது?"

"இவ்வளவு நேரம் பெட்ரோல்ல ஓடிச்சும்மா. இப்பதான் கேஸுக்கு மாறிச்சு."

"ரெண்டும் இருக்கா இதுல?" என்றார் அம்மா.