70க்கும் 71க்கும் இடையே ஒரு மரண தண்டனை

அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு மரண தண்டனையை நிறைவேற்றுவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆனால் அக்குறைபாட்டை எவ்வாறு நிர்ணயிப்பது என்பதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

புளோரிடா மாநிலம் ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவுச் சோதனையில் 70 என்ற எல்லையை வகுத்தது. அதற்கு மேல் ஒரு புள்ளி பெற்றாலும் போதும். பள்ளிக்கால ஆவணங்கள், அன்றாட வாழ்வில் அவர் தடுமாறியதற்கான சாட்சியங்கள் என வேறு எதையும் நீதிமன்றம் பரிசீலிக்காது. 1978இல் கர்ப்பிணிப் பெண்ணொருவர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற ஃப்ரெடி லீ ஹாலின் மதிப்பெண்களில் ஒன்று 71.

ஒரே நபரை மீண்டும் சோதித்தால் எந்த அளவுக்கு அதே மதிப்பெண் கிடைக்கும் என்பதையே உளவியலாளர்கள் சோதனையின் நம்பகத்தன்மை என்கிறார்கள். குறையே இல்லாத சோதனைக்கு அதன் அளவு 1. தரமான நுண்ணறிவுச் சோதனைகள் 0.97ஐ எட்டுகின்றன. கேட்பதற்கு நிறைவாகத் தோன்றும் இந்த எண்ணுக்குள்ளும், மதிப்பெண்ணின் இருபுறமும் சுமார் ஐந்து புள்ளிகள் தடுமாற்றம் இருக்கிறது. அதாவது, 71 பெற்றவரின் உண்மையான நிலை 66 முதல் 76 வரை எங்கும் இருக்கலாம் என்று 95 சதவீத உறுதியுடன் மட்டுமே சொல்ல முடியும். பெருந்திரளானவர்களைத் தரம்பிரிக்கும்போது பொருட்படுத்தத் தேவையற்ற இப்பிழை, எல்லைக்கோட்டில் நிற்கும் தனிமனிதருக்கு உயிர்ப்பிரச்சினை.

2014இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்சநீதிமன்றம் புளோரிடாவின் விதியை நிராகரித்தது. சோதனையை உருவாக்கிய துறையே ஒப்புக்கொள்ளும் பிழையை மாநில அரசு கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது என்பதே நீதிபதி அந்தோணி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம். பலமுறை சோதித்தால் பிழை குறையுமே என்று வாதிட்டு மாறுபட்டார் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. அது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்தான். ஆனால் ஒரே சோதனையை ஒரே விதமாகத் தவறாக நடத்தினால், எத்தனை முறை நடத்தினாலும் அத்தவறு அப்படியே நீடிக்கும்.

2016இல் புளோரிடா உச்சநீதிமன்றம் ஹாலின் மரண தண்டனையை ரத்து செய்து, ஆயுள் தண்டனை விதிக்கப் பணித்தது. பல மதிப்பெண்களை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்ற கேள்வியோ, 2025இல் அலபாமா மாநில வழக்கொன்றின் மூலம் மீண்டும் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அக்கைதி ஐந்து முறை சோதிக்கப்பட்டிருந்தார். அவர் பெற்ற மிகக் குறைந்த மதிப்பெண் 72, மிக உயர்ந்தது 78.