டிங்கர் பட்டறை என்றால் இளக்காரமா?



"ஒழுங்காப் படிக்கலேன்னா டிங்கர் பட்டறைக்குத்தான் போகணும்!" இந்த வசனத்தைக் கேட்காத பையன் நம்ம உத்திரமேரூரில் இருக்க முடியாது. வீட்டில் அம்மா சொல்வார், வகுப்பில் சாரும் சொல்வார். (மன்னிக்கவும் சார்!) இதை நான் ஏற்கவில்லை. காரணம், ராஜா காலத்துக் கார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மகாராஜாக்கள் வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் காரை அந்தக் கம்பெனியே முழுசாகச் செய்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம்! கம்பெனி கொடுத்தது எஞ்ஜின், சக்கரம், ரேடியேட்டரோடு வெறும் சேஸ். கதவு, கூரை, சீட் எதுவும் கிடையாது. பார்க்கர், ஹூப்பர் மாதிரி பாடி கட்டுகிற பட்டறைகள்தான் மீதியைச் செய்தன. தச்சர் மரச்சட்டம் போடுவார். அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையாலேயே தட்டி வளைத்துப் பொருத்துவார்கள். வேட்டைக்குப் போகிறவருக்குத் துப்பாக்கி வைக்க இடம், கோஷா ராணிக்கு ஜன்னலில் திரை. டெய்லரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைக்கிற மாதிரிதான். 1910-ல் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரர் அன்னப்பறவை உருவத்திலேயே கார் வைத்திருந்தார். அலகிலிருந்து தண்ணீர் பீய்ச்சுமாம்! அது இப்போது நெதர்லாந்து மியூசியத்தில் இருக்கிறது.

தகடு வளைப்பது லேசான வேலை இல்லை. அலுமினியம் அடிக்க அடிக்க இறுகிவிடும். அப்புறமும் அடித்தால் விரிசல் விடும். அதனால் சூடு காட்டி இளக்க வேண்டும். எவ்வளவு சூடு? தகட்டில் சோப்பைத் தடவிவிட்டு, சோப்பு கருத்ததும் நிறுத்திவிடுவார்கள். தெர்மாமீட்டரே வேண்டாம். இது நம்ம அறிவியல் புத்தகத்தில் இல்லை.

சென்னை அண்ணா சாலையில் கண்டக்டர் "சிம்சன், சிம்சன்" என்று கத்துவாரே, அந்தக் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி கட்டத்தான் ஆரம்பித்தது. 1903-ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் செய்தார். நம்ம பக்கத்து வயல்களில் உழுகிற மாஸி பெர்குசன் டிராக்டர்கள் பலவற்றில் இருப்பதும் சிம்சன் எஞ்ஜின்தான். வண்டிப் பட்டறையில் தொடங்கியவர்கள் அவர்கள்.

இன்றைக்கும் செங்கல்பட்டு ரோட்டில் கூண்டே இல்லாத பஸ் சேஸ் போவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டிப் போவார். கரூருக்குப் போனால் அங்கே பாடி கட்டுவார்கள். நாம் ஏறி உட்காருவது அவர்கள் கட்டின பஸ்ஸில்தான்.

எங்க வகுப்பில் ஒருத்தன் லீவு நாளில் டிங்கர் பட்டறைக்குப் போகிறான். நசுங்கின மட்கார்டு ஒன்றை அவன் நிமிர்த்தியதை நின்று பார்த்தேன். எந்த இடம் நசுங்கியது என்று தடவிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. கணக்கில் அவன் 35 மார்க், நான் 82. பட்டறைப் பேச்சு வந்தாலே அவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

பட்டறைக்குப் போகச் சொல்லுங்கள் சார், அதைத் திட்டாகச் சொல்லாதீங்க.

மறுப்பு எழுத விரும்புபவர்களுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதவும்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்