போக்கர்: ஆடும் விதி இலகு, பந்தயத்தின் கணக்கு வேறு

2025 ஓகஸ்ட் மாதத்தில் மூன்று விடயங்கள் நடந்தன. கொழும்பில் 'சிட்டி ஒப் ட்ரீம்ஸ்' வளாகத்தின் கசினோ திறக்கப்பட்டது. இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், இந்தியா தடைசெய்தது.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இவை தூரத்துச் செய்திகள் போலத் தோன்றலாம். உள்நாட்டவர் கசினோவுக்குள் நுழைவதற்கான வரியை 50 டொலரில் இருந்து 100 டொலராக உயர்த்தவும் அரசாங்கம் அதே ஆண்டில் முடிவெடுத்தது. ஆனால் கைத்தொலைபேசியில் ஆடுவதற்கு நுழைவு வரி இல்லை. சுன்னாகத்திலோ பருத்தித்துறையிலோ இருக்கும் ஒருவர் வீட்டை விட்டு வெளியே போகாமலே போக்கர் மேசையில் அமர முடியும். அதனால் இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது, பணம் அதில் எப்படி நகர்கிறது என்பதை நாமும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

304 தெரிந்தவருக்குப் பாதி தெரியும்

எங்கள் சனசமூக நிலையங்களிலும் கோயில் மடங்களிலும் 304 ஆடிப் பழகியவர்களுக்குப் போக்கர் அந்நியமானதல்ல. 304இல் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. கையில் உள்ள சில சீட்டுகளை மட்டும் பார்த்து, தெரியாததை ஊகித்துக் கேட்க வேண்டும். துரும்பு மறைந்திருக்கும். முகத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

போக்கரிலும் இதே ஊகம்தான். பரவலாக ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டெம்' வகையில் 52 சீட்டுகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். பின்னர் மேசை நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். கீழிருந்து மேலாக வரிசை இது: தனி உயர்ந்த சீட்டு, ஒரு சோடி, இரண்டு சோடி, ஒரே இலக்கத்தில் மூன்று, தொடர்ச்சியான ஐந்து, ஒரே இனத்தில் ஐந்து, மூன்றும் ஒரு சோடியும், ஒரே இலக்கத்தில் நான்கு, ஒரே இனத்தில் தொடர்ச்சியான ஐந்து.

பந்தயம் நான்கு சுற்று. சீட்டு கொடுக்கும் முன்னரே இருவர் கட்டாயமாகச் சிறு தொகை வைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது, எதிராளி வைத்த அளவுக்கு ஈடாக வைக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். யாரும் பந்தயம் வைக்காதபோது பணம் வைக்காமல் கடந்து போகவும் முடியும். எல்லோரையும் விலகச் செய்துவிட்டால், மோசமான சீட்டு வைத்திருப்பவரும் வெல்வார்.

304க்கும் போக்கருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் விலகும் உரிமைதான். புதிதாக ஆடுபவர் அதைத்தான் குறைவாகப் பயன்படுத்துகிறார். ஓர் உதாரணம். நடுவில் 1,000 ரூபாய் இருக்கிறது, எதிராளி 500 வைக்கிறார். நீங்களும் 500 வைத்தால் மொத்தம் 2,000. ஆகவே நான்கில் ஒரு முறையாவது வெல்வீர்கள் என்றால்தான் அது நட்டமில்லை. உங்களிடம் ஒரே இனத்தில் நான்கு இருக்கிறது, இன்னும் ஒரு சீட்டுத்தான் திறக்கப்பட வேண்டும். உங்களுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் ஒன்பது மட்டுமே உதவும். அது ஐந்தில் ஒரு முறைக்கும் சற்றுக் குறைவு. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று தொடர்பவர், அதே நிலையில் திரும்பத் திரும்ப வைத்தால் நட்டமடைவார்.

மேசைக்காரரின் பங்கு

பணம் வைத்து ஆடும்போது மேசையை நடத்துபவர் பொதுவாக ஒவ்வொரு ஆட்டத்தின் தொகையிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஆறு பேர் தலா 5,000 ரூபாயுடன் அமர்கிறார்கள், மேசையில் 30,000. ஓர் ஆட்டத்தில் சராசரியாக 1,000 ரூபாய் சேர்கிறது, அதில் 5 சதவீதம் நடத்துபவருக்கு. இணையத்தில் மணிக்கு 60 ஆட்டம் என்றால் மணிக்கு 3,000 ரூபாய். அதே வேகத்தில் பத்து மணித்தியாலம் போனால், யார் வென்றார் என்ற கேள்விக்கு இடமில்லாமல் 30,000மும் நடத்துபவரிடம் போய்ச் சேரும். ஆறு பேரும் சம திறமையுள்ளவர்களாக இருந்தாலும் விடை இதுதான்.

அடுத்தது, தோற்ற பிறகு மறுபடி பணம் இறக்கும் வசதி. கைப்பணம் உள்ளவர் ஒரு கெட்ட இரவைத் தாங்கி மறுநாள் வருவார். இடம்பெயர்வில் வீட்டையும் நகையையும் இழந்து, அடகுக் கடைக்கும் நுண்கடனுக்கும் இடையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த மறுநாள் இல்லை. அங்கே மேசைக்கு வரும் 5,000 ரூபாய், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரன் இரவு வேலை செய்து அனுப்பியதாகவோ, அடுத்த தவணைக்கு ஒதுக்கியதாகவோ இருக்கும்.

தமிழ்நாடு காட்டும் பாடம்

தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாக வகைப்படுத்தியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், அந்த இரண்டையும் அப்படி வகைப்படுத்திய பகுதியை நீக்கியது. பின்னர் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட முடியாது என்ற விதி வந்தது. 2025 ஜூனில் அதே நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

போக்கரில் திறமை உண்டு என்பது உண்மை. ஆனால் திறமையுள்ளவர் வெல்லும் பணம் திறமை குறைந்தவரிடமிருந்தே வருகிறது. 'திறமை விளையாட்டு' என்ற விளம்பரம் புதியவருக்கு ஆறுதலாக ஒலித்தாலும், அது அவருக்கான எச்சரிக்கைதான். நள்ளிரவுத் தடை இந்த வாதத்துக்குள் போகாமல், களைத்தவர் இழந்ததைத் துரத்தும் நேரத்தையே தடுக்கிறது.

இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் போன்ற பழைய சட்டங்களுக்குப் பதிலாக, இணையச் சூதாட்டத்தையும் உள்ளடக்கி ஒரே அதிகாரசபையை அமைப்பதே புதிய சட்டத்தின் நோக்கம். வடக்கின் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இணையத் தளங்களில் எச்சரிக்கை தமிழில் இருக்குமா? இழப்புக்கு நாளாந்த உச்சவரம்பு வருமா? தன்னை ஆட விடாமல் தடுக்கும்படி ஒருவர் கேட்டால் அதற்கு வழி இருக்குமா? முறைப்பாட்டைக் கொழும்பு போகாமல் யாழ்ப்பாணத்திலேயே கொடுக்க முடியுமா? சூதாட்ட வரி அரசுக்கு வருமானம். அதில் ஒரு பகுதி மனநல சேவைக்கு ஒதுக்கப்படுமா?

போக்கர் கற்க விரும்புபவர் புளியங்கொட்டையை வைத்துக் கற்கலாம். விதிகளும் விலகும் பழக்கமும் அதிலேயே பிடிபடும். ஏற்கெனவே கடனில் அகப்பட்டு, வீட்டுக்குச் சொல்ல முடியாமல் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். வீட்டார் செய்யக்கூடியது, ஏசுவதற்கு முன் கடன் தொகை எவ்வளவு என்று அமைதியாகக் கேட்பது. தொகையை மறைக்க வேண்டியிருக்கும் வரைதான், அதை ஆடியே மீட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருவரை மறுபடி மேசைக்கு இழுக்கும்.