பெயரைக் காட்டி ஏய்ப்பதா?

வர்ஜீனியாவில் உள்ள ராணுவத் தளத்தின் பெயர்ப்பலகையிலிருந்து கிரெக்-ஆடம்ஸ் என்ற பெயர் அகற்றப்பட்டு, மீண்டும் ஃபோர்ட் லீ என்று எழுதப்பட்டிருக்கிறது. 2025 ஜூனில் ஒரே அறிவிப்பில் ஏழு தளங்களுக்குப் பழைய பெயர்கள் திரும்பின. பிராக், பென்னிங் தளங்களுக்கு அதற்கு முன்பே திரும்பிவிட்டன. ஒன்பதுமே, அடிமை முறையைக் காக்க அமெரிக்காவுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய தென் மாநிலக் கூட்டமைப்பின் படைத் தலைவர்களால் அறியப்பட்ட பெயர்கள். ‘அவர்களுக்காக அல்ல, அதே பெயர் கொண்ட வேறு வீரர்களுக்காகவே சூட்டியிருக்கிறோம்’ என்பது அதிகாரபூர்வ விளக்கம். முடிவைவிட மோசமானது இந்த விளக்கம்தான்.

கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட 2020-ல் நாடே கொந்தளித்த சூழலில், ராணுவச் சொத்துகளிலிருந்து கூட்டமைப்பின் பெயர்களை நீக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அன்றைய அதிபர் அதை நிராகரித்தார். இரு கட்சியினரும் சேர்ந்து 2021 ஜனவரி 1-ல் அந்த நிராகரிப்பை முறியடித்தார்கள். ஆணையம் அமைத்து, தளங்கள் உள்ள ஊர்களில் கருத்துக் கேட்டு, 2023-ல் பெயர்கள் மாற்றப்பட்டன. ராணுவச் சொத்துகள் அனைத்துக்குமான மாற்றச் செலவை ஆணையம் ஆறு கோடி டாலருக்கு மேல் என மதிப்பிட்டிருந்தது. அந்தச் சட்டத்தை எதிர்கொள்ளத் துணிவில்லாமல், இன்றைய நிர்வாகத்தினர் ஆவணக் காப்பகத்தில் ஒரே பெயர் கொண்டவர்களைத் தேடியிருக்கிறார்கள். ஃபோர்ட் ஏ.பி. ஹில் தளத்துக்கு ஒருவர் போதவில்லை; ஆண்டர்சன், பின், ஹில் என்று மூன்று பேரைச் சேர்த்து முதலெழுத்துகளை ஒப்பேற்றினார்கள். மூவருமே கூட்டமைப்பை எதிர்த்துப் போரிட்டு, ராணுவத்தின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்கள். ஆண்டர்சனும் பின்னும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் யாரை எதிர்த்துப் போரிட்டார்களோ அந்தத் தரப்பின் தளபதியின் பெயரைக் காப்பாற்ற அவர்களையே பயன்படுத்தியிருப்பது, அந்த வீரர்களுக்குச் செய்த அவமரியாதை.

லீ தளத்திலும் இதே கதைதான். புதிதாகக் கௌரவிக்கப்பட்டிருக்கும் ஃபிட்ஸ் லீ, ஸ்பெயினுடனான போரில் மெடல் ஆஃப் ஹானர் பெற்ற கறுப்பின வீரர். ‘கறுப்பினத்தவரின் பெயரைத்தானே வைத்திருக்கிறோம், பிறகென்ன குறை?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அவருக்குத் தளம் ஒன்று வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றியது அவருடைய வீரத்தால் அல்ல, குடும்பப் பெயரால். சந்தேகம் இருந்தால், அறிவிப்பு வெளியான மேடையை நினைத்துப் பாருங்கள். ராணுவத்தினர் முன்னால், தளத்தின் பெயர், கூட்டமைப்பின் தளபதியுடைய முழுப் பெயரோடு, ஃபோர்ட் ராபர்ட் ஈ. லீ என்றே சொல்லப்பட்டது. உள்நோக்கத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

லீ தளத்தில் பெயர் அகற்றப்பட்டவர்கள் யார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்தர் கிரெக், அமெரிக்கத் தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரல் ஆன முதல் கறுப்பினத்தவர். 1950-ல் இளம் அதிகாரியாக இதே தளத்துக்குப் பயிற்சிக்கு வந்தபோது, அதிகாரிகள் மன்றத்துக்குள் அவரை அனுமதிக்கவில்லை. படைகளில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அதிபர் ட்ரூமனின் ஆணை 1948-லேயே வந்திருந்தும் இந்த நிலை. அதே தளத்துக்கு 2023-ல் தன் பெயர் சூட்டப்படுவதைக் கண்ணால் கண்டு, அடுத்த ஆண்டு காலமானார். சேரிட்டி ஆடம்ஸ், 855 கறுப்பினப் பெண்கள் கொண்ட 6888-வது அஞ்சல் படைப்பிரிவின் தலைவி. 1945-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னல்களை மறைத்த குளிர்ந்த கிடங்குகளில், கூரை வரை தேங்கிக் கிடந்த 1.7 கோடிக் கடிதங்களையும் பொட்டலங்களையும் அவர்கள் பிரித்தார்கள். ஆறு மாத வேலை என்றார்கள். மூன்றே மாதத்தில் முடித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இருந்தார்கள். படை எண்ணை அட்டையில் குறித்துவைத்து, எந்தக் கடிதம் எந்த ஸ்மித்துக்கு என்று பிரித்தறிந்தார்கள் அந்தப் பெண்கள். அப்படிப்பட்டவர்களின் தலைவியைத்தான், ஆளை வேறுபடுத்தாமல் பெயரை மட்டும் பொருத்திப் பார்த்து அகற்றியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் நாடாளுமன்ற வளாகத்தில் இந்தப் படைப்பிரிவுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் தலைவியின் பெயரை நீக்கும் அறிவிப்பு வந்தது.

வரலாற்றை அழிக்கக் கூடாது என்கிறார்கள். லீயின் வரலாறு நூல்களிலும் போர்க்களப் பூங்காக்களிலும் பத்திரமாக இருக்கிறது. தளத்துக்குப் பெயர் சூட்டுவது வரலாறு எழுதுவதல்ல, மரியாதை செய்வது. மேலும், அந்தப் பெயர்கள் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வந்தவையும் அல்ல. இரு உலகப் போர்களையொட்டி, தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த காலத்தில் சூட்டப்பட்டவை. போர் நினைவுச் சின்னங்கள் வேண்டாம், காயங்களைக் கிளற வேண்டாம் என்று லீயே 1869-ல் எழுதியிருக்கிறார். அங்கே பயிற்சி பெற்றவர்களுக்குப் பழைய பெயர் மீது பற்று இருக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் தரைப்படையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். தன் முன்னோரை விலைப்பொருளாக வைத்திருக்கப் போரிட்டவரின் பெயர் தாங்கிய வாயிலில் தினமும் வணக்கம் வைக்கும் சிப்பாயின் மனதை யார் கேட்டார்கள்?

இது ஒரு தளத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. இதே நிர்வாகம் பதவிக்கு வந்த சில நாட்களிலேயே இரண்டாம் உலகப் போரின் கறுப்பின வீரர்களான டஸ்கீகி விமானப்படையினரைப் பற்றிய காணொளி விமானப்படைப் பயிற்சிப் பாடத்திலிருந்து காணாமல் போனது. வியட்நாம் போரில் மெடல் ஆஃப் ஹானர் பெற்ற சார்லஸ் ரோஜர்ஸ், பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் ஆகிய கறுப்பினத்தவரின் பக்கங்கள் பாதுகாப்புத் துறை இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பிய பிறகே மூன்றும் திரும்ப வந்தன. மார்ட்டின் லூதர் கிங் நாளும் அடிமை ஒழிப்பைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளும் 2026-க்கான தேசியப் பூங்காக்களின் இலவச அனுமதிப் பட்டியலிலிருந்து விடுபட்டன. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்று 1868-ல் அரசியலமைப்பின் 14-வது திருத்தம் தந்த உறுதியைச் சுருக்கும் ஆணையில் கையெழுத்திட்டதும் பதவியேற்ற முதல் நாளிலேயே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாக்கு சொல்லலாம்; ஆனால் எல்லாச் சாக்குகளும் ஒரே திசையில்தான் போகின்றன. சமத்துவம் என்ற வாக்குறுதியால் ஆன தேசமா, ஒரு சாராரின் வம்சப் பெருமையால் ஆன தேசமா என்ற பழைய சண்டையில் இவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில் இனி ஐயமில்லை.

தன் சட்டம் இப்படி வளைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாடாளுமன்றம் தன் கடமையைச் செய்ய வேண்டும். அன்று கட்சி பேதமின்றி அதிபரின் நிராகரிப்பை முறியடித்தவர்களில் பலர் இன்றும் அங்கே உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய மௌனம் மன்னிக்கத்தக்கதல்ல.