செங்கல் சுவர் பளிச்சுன்னு இருக்கு, பிள்ளை முகம் எங்கே?

டிஸ்கி: எழுதியவன் போட்டோகிராஃபர் கிடையாது. நிபுணர்கள் கல்லெறிய விரும்பினால் தயவுசெய்து வரிசையில் வரவும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்க அபார்ட்மெண்ட் நண்பர் ஒருத்தர் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தார். புனேயில் நம்மளை மாதிரியே பொட்டி தட்டுறவர், மதுரைப் பக்கம். வர்ற தை மாசம் ஊரில் பையனுக்குக் காது குத்து. அதுக்காக ஒரு ஸ்டாண்டர்ட் ஜூம் லென்ஸ் வாங்கணுமாம், 24-70 மாதிரி. ஒரு மாசமா ஆராய்ச்சி. ரெண்டு லென்ஸை வாடகைக்கு எடுத்து, மொட்டை மாடிச் செங்கல் சுவரை முக்காலி வச்சு நூத்திச் சொச்சம் படம் எடுத்திருக்கார். நூறு சதவீதம் பெரிசாக்கி, "இந்த ஓரத்தைப் பாருங்க சார், சிமெண்ட் பூச்சு எவ்வளவு ஷார்ப்!" என்றார். பார்த்தேன். நல்ல சுவர்தான்.

"பையனை எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார். எல்லாம் அவுட். நிக்கவே மாட்டேங்கறான்."

காது குத்துறப்ப மட்டும் நிப்பானாக்கும்!

இந்த ஷார்ப்னஸ் பைத்தியத்தைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். லென்ஸ் வாங்குறவன் நெட்டில் முதல்ல தேடுறது எம்.டி.எஃப் வரைபடம். ஓரத்துல எவ்வளவு, நடுவுல எவ்வளவு, எஃப் 2.8-ல எவ்வளவு. ஆட்டோஃபோகஸ் எப்படின்னு கேட்டா, "அது பரவாயில்லைன்னு போட்டிருந்தான்" என்று ஒரு வரி. சுவரை எடுக்கிறவனுக்கு இது சரி. சுவர் ஓடாது. நம்ம கேமரா எதுக்கு? வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறோம். பாட்டி, அக்கா பிள்ளைங்க, கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சம், பதினஞ்சு நாள் லீவு. அதில் ஒண்ணாவது சும்மா நிக்குதா?

இதை நான் வாயால் கத்துக்கலை, பட்டுக் கத்துக்கிட்டேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2011. அப்பாவுக்கு அறுபது. திருக்கடையூரில் மணிவிழா. நான் டி.எஸ்.எல்.ஆருக்குப் புதுசா ஒரு எஃப் 2.8 ஜூம் வாங்கியிருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம், அவங்க மேல தப்பில்லை. தேர்ந்தெடுத்த என் மேலதான். விமர்சனம் எழுதின அத்தனை பேரும் "இந்த விலைக்கு இந்த ஷார்ப்னஸா!" என்று மெய்சிலிர்த்திருந்தாங்க. "மோட்டார் கொஞ்சம் மெதுவு, சத்தம் வரும்" என்பதைக் கடைசிப் பத்தியில் சொல்லியிருந்தாங்க. நானும் கடைசிப் பத்தியை யார் படிப்பான்னு விட்டுட்டேன்.

திருக்கடையூர் போனவங்களுக்குத் தெரியும். பிரகாரம் முழுக்க ஜோடி ஜோடியா உட்கார்ந்திருப்பாங்க, எங்க பார்த்தாலும் ஹோமப் புகை. வெளிச்சமும் கம்மி. அப்பா தாலியைக் கையில் எடுக்கிறார், அம்மா தலையைக் குனியறாங்க. பட்டனை அமுக்கினா லென்ஸ் கர்ர்ர்னு முன்னாடி போகுது, கர்ர்ர்னு பின்னாடி வருது, மறுபடி முன்னாடி. அந்தக் காலத்து ஆட்டோஃபோகஸ் புகையில் எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாம முழிச்சுது. கடைசியில் எங்கேயோ நின்னு கிளிக் ஆச்சு.

ராத்திரி ரூமில் பெரிசாக்கிப் பார்த்தேன். அம்மா முகம் அவுட். அப்பா முகம் அவுட். பின்னாடி இருந்த பித்தளைக் குடம் மட்டும் கத்தி மாதிரி ஷார்ப். குடத்தில் வெட்டியிருந்த உபயதாரர் பேரை இனிஷியலோட படிக்கலாம்! லென்ஸ் விமர்சனத்தில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அப்பா சிரிச்சுக்கிட்டே, "விடுடா, எழுபதுக்குப் பீமரத சாந்தி பண்ணுவோம்ல, அப்ப எடுத்துக்கோ" என்றார். 2019-ல் அவர் போயிட்டார். இன்னைக்கு எங்க வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற தாலி கட்டுற படம் சித்தப்பா பையன் எடுத்தது. கேமராவோட இலவசமா வந்த 18-55 கிட் லென்ஸ். பெரிசாக்கினா ஓரமெல்லாம் கொழகொழன்னு இருக்கும். யாரும் பெரிசாக்குறதில்லை. அப்பா கண்ணு தெரியுது.

சரி, கணக்குக்கு வருவோம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 70 மி.மீ., எஃப் 2.8, ஆள் ரெண்டு மீட்டர் தூரத்தில். தெளிவா விழுற ஆழம் மொத்தமே சுமார் 14 செ.மீ. முன்னால ஏழு, பின்னால ஏழு. தத்தித் தத்தி வர்ற குழந்தை நொடிக்கு ஒரு மீட்டர் வந்தா, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் 10 செ.மீ. நகர்ந்துடும். லென்ஸ் அவ்வளவு தாமதிச்சாலே போதும், நீங்க காசு கொடுத்து வாங்கின ஷார்ப்னஸ் முழுக்கக் குழந்தைக்குப் பின்னாடி இருக்கிற சோபாவுக்குப் போயிடும்.

இன்னொரு கணக்கு. 4க்கு 6 பிரிண்ட் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி வச்சாலும் 22 லட்சம் பிக்சல் போதும். 8க்கு 12 ஆல்பம் பக்கத்துக்கே 86 லட்சம்தான். உங்க 24 மெகாபிக்சல் கேமராவில் இருக்கிறது 2 கோடியே 40 லட்சம். ரெண்டு நல்ல லென்ஸுக்கு நடுவில் அந்த ஓரத்துச் சிமெண்ட் வித்தியாசம் பிரிண்டில் வர்றதுக்குள்ளே காணாமப் போயிடும். எஃப் 5.6-க்கு மூடினா அது திரையிலேயே முக்கால்வாசி மறைஞ்சுடும். ஃபோகஸ் தப்பின படத்தை எந்தச் சைஸில் போட்டாலும் தப்பினதுதான்.

அந்த விமர்சன எண்ணும் உங்க லென்ஸோட எண் இல்லை. லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தை ஆரம்பிச்ச ரோஜர் சிகாலா ஒரே மாடலில் பல பீஸ்களை அளந்து, ஒண்ணுக்கொண்ணு வேறுபடும்னு படம் போட்டே காட்டியிருக்கார். நீங்க நாலு வாரம் ஒப்பிட்டது வேற யாரோட பீஸையோ.

"ஃபோகஸ் எல்லாம் பாடி பார்த்துக்கும் சார், இப்ப மிரர்லெஸ்ல கண்ணையே கண்டுபிடிக்குது" என்பார்கள். பாதி உண்மை. பழைய டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் முன்னே பின்னே விழுற தொல்லை மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் ஒழிஞ்சுது. ஆனா கண்ணு எங்கே இருக்குன்னு பாடி சொன்னாலும், கண்ணாடியை அங்கே தள்ள வேண்டியது லென்ஸ் மோட்டார். கம்பெனிக்காரங்களுக்கே இது தெரியும். டாம்ரான் 28-75 2018-ல் வந்து, 2021-ல் ரெண்டாவது பதிப்பு வந்தப்ப மோட்டாரை மாத்தினாங்க. சிக்மா 24-70 2019-ல் ஸ்டெப்பிங் மோட்டார், 2024-ல் வந்ததில் லீனியர் மோட்டார். சோனி ஏ1-ல் சோனி லென்ஸ் மாட்டினா நொடிக்கு 30 படம் வரை, வெளி லென்ஸ் மாட்டினா 15தான். சுவர் படத்தில் இதெல்லாம் தெரியுமா?

"அந்தக் காலத்தில் கையாலேயே ஃபோகஸ் பண்ணலையா?" பண்ணினாங்க. எஃப் 8 வச்சு, ஃபிளாஷ் போட்டு, "ஆடாம நில்லுங்க, சிரிங்க"ன்னு சொல்லி எடுத்தாங்க. வியூஃபைண்டர் நடுவில் பிம்பம் ரெண்டா உடைஞ்சு சேர்ற கண்ணாடியும் இருந்தது. உங்க பையன்கிட்ட "ஆடாம நில்லு" சொல்லிப் பாருங்க.

மலை, கோபுரம், விளம்பரத்துக்குப் பாத்திரம் எடுக்கிறவங்க தாராளமா ஷார்ப்னஸைப் பாருங்க. அவங்களோட எனக்குச் சண்டை இல்லை.

நண்பருக்குச் சொன்னது இதுதான். கடையில் வெளிச்சம் கம்மியான மூலைக்குப் போங்க. லென்ஸை முழுக்கத் திறந்து வச்சு, தொடர் ஃபோகஸ் போட்டு, உங்களை நோக்கி ஒரு ஆளை நடந்து வரச் சொல்லுங்க. இருபது படம், ஜூமின் ரெண்டு முனையிலும். கண்ணு தெளிவா விழுந்தது எத்தனைன்னு எண்ணுங்க. அதில் ஜெயிச்ச லென்ஸை மட்டும் சுவரைப் பார்த்து ஒரே ஒரு படம் எடுங்க, ஒரு பக்கம் மட்டும் மங்குதான்னு பார்க்க. ஒரு பக்கம் மங்கினா வேற பீஸ் கேளுங்க.

"நடந்து வர்ற ஆளுக்கு எங்க போறது சார்?"

"பையனைக் கூட்டிட்டு வாங்க."

"கடைக்கா? பொருளை உடைச்சுடுவான் சார்!"

உள்ளேயிருந்து தங்கமணி, "ஏங்க, நீங்களே நடங்க. ஒரு எக்ஸர்சைஸாவது ஆகும்" என்றாள். வர்ற சனிக்கிழமை கடைக்குப் போறோம். நடக்கப் போறது நான்.