ஓதிக்கொடுப்பவரின் வீட்டுப் பிள்ளை

 

பதினோரு மாத இடைவெளிக்குப் பின் ஊர் சென்று, குடும்பத்தாருடன் ஐந்து வாரங்கள் தங்கி, அல்ஹம்துலில்லாஹ், சிங்கப்பூரில் மீண்டும் மதரஸாப் பணியில் அமர்ந்திருக்கிறோம். "வீட்டில் எல்லோரும் நலமா, உஸ்தாத்?" என்று பெற்றோர் பலர் அன்புடன் வினவுகின்றனர். நலமே என்கிறோம். அந்த ஒரு சொல்லில் அடங்காததை இங்கு எழுதத் துணிகிறோம். கடல் கடந்து ஓதிக்கொடுக்கும் ஆலிம்கள் பலருக்கும் இது பொதுவான நிலை.

நமது ஊர் மகாராஜபுரம். வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குச் செல்லும் வழியில், மலையடிவாரத்துத் தென்னந்தோப்புகளுக்கு இடையே உள்ளது. நாம் சென்ற மாதம் மலை முகட்டை மேகம் மூடிக் கிடந்தது. சுபுஹு தொழுதுவிட்டுத் திரும்புகையில் இளைய மகன் நம் கையைப் பற்றிக்கொண்டு நடந்தான். தொழுகையை ஏவத் தொடங்க வேண்டிய வயது ஏழு என்பதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. அவனுக்கு ஏழு வயது நிறைந்த நாளில் நாம் இங்கே பிறர் பிள்ளைகளுக்கு ஒளூ செய்யக் கற்பித்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை அவனை அருகில் அமர்த்தி ஃபாத்திஹா ஓதச் சொன்னோம். தடங்கலின்றி ஓதினான். ஆனால் 'ஐன்' வரும் இடமெல்லாம் 'அலிஃப்' ஆக ஒலித்தது. திருத்தினோம். அவன் நம் முகத்தைப் பாராமல் அடுப்படியின் பக்கம் திரும்பி, "அம்மா இப்படித்தான் சொல்லிக்கொடுத்துச்சு" என்றான். அத்தா சொல்வது சரியா என்று அம்மாவிடம் சான்று கேட்கிறான்! அவனது தாயைக் குறை கூற நமக்கு நாவில்லை. முதியவர்களின் மருந்து, பிள்ளைகளின் பள்ளி, வீட்டின் வரவு செலவு என அனைத்தையும் தனியே சுமந்துகொண்டு, தமக்குத் தெரிந்ததைத் தெரிந்தவாறு கற்பித்திருக்கிறார். நாள்தோறும் எத்தனையோ பிள்ளைகளின் எழுத்துச் சுத்தத்தைச் சரிசெய்பவரின் வீட்டில் இந்நிலை.

திருத்த நேரம் வேண்டுமே என்பீர்கள். நேரம் அமையவில்லை. இங்கு ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்குகிறது. நாம் ஊரில் இருந்த நாட்களில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. அவர்களுக்கு விடுமுறை விட்டபோது நாம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். இங்கே ஜூன் மாதம் முழுவதும் விடுமுறை என்றாலும், தமிழ்நாட்டில் அப்போதுதான் பள்ளி திறப்பார்கள். இரு நாட்டு நாட்காட்டிகளும் பேசி வைத்துக்கொண்டு நம்மைப் பிரிப்பதுபோல் உள்ளது.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பை ஆலிம்கள் மேடைதோறும் கூறுவர். நபி (ஸல்) அவர்கள் தொழுத முறையில் தொழ வேண்டும் என்பதற்கு அது ஆதாரம். அதன் முற்பகுதியை அத்தனை அழுத்தமாக நாம் கேட்டதில்லை. அவரும் அவரையொத்த இளைஞர்களும் மதீனாவிற்கு மார்க்கம் கற்க வந்து ஏறத்தாழ இருபது நாட்கள் தங்கினர். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதைப் பெருமானார் தாமாகவே உணர்ந்தார்கள்; யார் யாரை விட்டு வந்தீர்கள் என வினவினார்கள்; குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுடன் தங்கி, அவர்களுக்குக் கற்பிக்குமாறு பணித்தார்கள். கேட்காமலேயே கொடுக்கப்பட்ட விடுப்பு அது. போர்முனையில் இருந்தோரை மனைவியரிடமிருந்து எத்தனை மாதம் பிரித்து வைக்கலாம் என்று உமர் (ரலி) அவர்கள் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே கேட்டு எல்லை வகுத்ததும் நாம் அறிந்ததே. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. பதினொன்று என்று எதிலும் இல்லை.

இந்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ராஜபாளையத்திற்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடியில் உள்ள கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முஸ்லிம்கள், தனி ஆண்களாக வந்து சென்ற பிற ஊரார் பலரைப் போலன்றி, மனைவி மக்களுடன் இங்குக் குடியேறினர். 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினர். 1946இல் அவர்கள் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982 வரை நடைபெற்றது. தம் பிள்ளைகள் கண்முன் இருந்ததால் அவர்களுக்கொரு பள்ளி வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இன்று வேலை அனுமதியில் உள்ளவர் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள மாதம் 6000 வெள்ளி நிலையான ஊதியம் வேண்டும். நமது ஊதியம் அதன் அருகில் இல்லை. ஊரில் கிடைப்பதைவிட இது அதிகம் என்பதால்தான் வந்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம்மை யாரும் கட்டி இழுத்து வரவில்லை. "மதரஸாப் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகள்தானே" என்று நிர்வாகிகள் ஆறுதல் கூறுகையில் புன்னகைத்துக்கொள்கிறோம். ஆனால் மறுமையில் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய கேள்வி நம்மிடம்தான் வரும்.

எனவே நிர்வாகப் பொறுப்பிலுள்ள சகோதரர்களுக்கு நமது வேண்டுகோள் இது. உஸ்தாதின் ஒப்பந்தத்தை எழுதும்போது அவருடைய பிள்ளைகளின் விடுமுறை எப்போது என்று ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டிற்கு ஒன்றாக உள்ள பயணச்சீட்டை இரண்டாக்க முடியுமா என்று பாருங்கள். இயலாதெனில், ஒரு மாத வருகை அனுமதியில் அவர் குடும்பம் இங்கு வந்து தங்க ஓர் அறையேனும் கிடைக்குமா? மதரஸா ஆண்டு விழாவின் பந்தல், விருந்துச் செலவுகளை அறிந்தே இதைக் கேட்கிறோம்.

இங்கு இஷா தொழுது அறைக்குத் திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். ஊரில் அப்போது மாலை ஆறரை. தொலைபேசியில் மஃரிப் பாங்கு கேட்கும். மகன் 'ஐன்' சொல்லிப் பழகுகிறான். தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டிய எழுத்தைத் திரையில் வாயைக் காட்டிக் கற்பிப்பது எளிதாக இல்லை. வரும் மே மாதம் மூன்று வாரம் விடுப்புக் கேட்டு, மாற்று உஸ்தாத் ஒருவரின் பெயரையும் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.