தூண்டுதலுக்கும் வேளை உண்டு

பெங்களூரில் அடுகோடியை அடுத்து, ஓசூர்ச் சாலையில், 1974ஆம் ஆண்டு உருவான தேசிய மனநல நரம்பு விஞ்ஞான நிலையம் (நிம்ஹான்ஸ்) இருக்கிறது. நரம்பு நோயாளரின் மறுவாழ்வுக்கென அங்கே தனித்துறை உண்டு. இத்தகைய வசதி எட்டாத ஊர்களில், பக்கவாதத்தால் செயலிழந்த கைக்கு மின்சாரம் செலுத்தினாலே போதும் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் சரியன்று.

பாதிக்கப்பட்ட மூளையும் புதிய நரம்புத் தொடர்புகளை அமைத்துக்கொள்ள வல்லது. ஆயினும், தூண்டுதலின் அளவைப் போலவே அதன் வேளையும் முக்கியமாகும். மணிக்கட்டு நரம்பில் மின்தூண்டல் அளித்து, 25 மில்லி விநாடிகளுக்குப்பின் மூளையின் இயக்கப் பகுதியைக் காந்தத்தால் தூண்டினால், அப்பகுதியின் கிளர்ச்சித்திறன் உயர்கிறது. இடைவெளியை 10 மில்லி விநாடியாகக் குறைத்தாலோ, அத்திறன் தாழ்கிறது. மணிக்கட்டிலிருந்து புறப்படும் செய்தி மூளையை எட்ட ஏறத்தாழ 20 மில்லி விநாடி ஆகிறது. எனவே, முதல் முறையில் செய்திக்குப் பின்னும், இரண்டாம் முறையில் செய்திக்கு முன்னும் காந்தத்தூண்டல் நிகழ்கிறது.

2021ல் அமெரிக்க அரசு அனுமதித்த ஒரு சிகிச்சையும் இந்நெறியையே சார்ந்தது. பயிற்சியில் நோயாளி கையை அசைக்கும் தருணத்திலேயே, கழுத்திலுள்ள வேகஸ் நரம்பு அரை விநாடி தூண்டப்படுகிறது. அதற்கு அறுவைச் சிகிச்சையும் பெருஞ்செலவும் வேண்டும்.

ஆனால், அது புகட்டும் பாடத்திற்குச் செலவில்லை. நோயாளி குவளையை எடுக்க முயலும்போது, உடனிருப்போர் இரக்கத்தால் தாமே எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர். பயிற்சிக்குரிய தருணம் அங்கே நழுவிவிடுகிறது. முதலில் அவரை முயலவிட்டு, முயற்சி தொடங்கியபின் துணைநிற்பதே தக்கது. வீடு தேடிச் செல்லும் களப்பணியாளரும், உடலியல் கற்பிக்கும் ஆசிரியரும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.